சூசனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்

எங்கள் மன்னார்குடி வீட்டில் "போறேன்" என்று சொல்லிவிட்டு யாரும் வாசல்படி தாண்ட முடியாது. செருப்பை மாட்டுவதற்குள் உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வரும். "போறேன்னு சொல்லாதடா, போயிட்டு வரேன்னு சொல்லு." கடைத்தெருவுக்குப் பால் வாங்கப் போனாலும் அதே பாட்டுதான். பி.காம். சான்றிதழோடு வங்கி வேலையில் சேர ரயில் ஏறிய அன்றும் அதே பாட்டுதான். அன்றைக்குக் கிளம்பியவன் இன்னும் போய்க்கொண்டே இருக்கிறேன். இருபது வருஷத்தில் ஐந்து ஊர். இப்போது லக்னோ.

விடைபெறுவதைப் பற்றி இவ்வளவு பீடிகை எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் என் பெண். பத்தாவது படிக்கிறாள். பரீட்சைக்குப் படிக்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் "டாக்டர் ஹூ" என்ற பி.பி.சி. தொடர்தான். அவளோடு உட்கார்ந்து நானும் பார்த்துப் பார்த்து, இப்போது வீட்டில் இரண்டு பைத்தியங்கள் என்கிறாள் என் மனைவி. தொடரில் யார் எப்படிப் போனார்கள், போன விதம் சரியா தப்பா என்பதுதான் சாப்பாட்டு மேஜையில் எங்கள் பேச்சு. பிறகுதான் தெரிந்தது, அறுபது வருஷமாக இந்தத் தொடரின் ரசிகர்கள் எல்லோரும் இதையேதான் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று. அந்தச் சரித்திரத்தைத்தான் இன்று எழுதப்போகிறேன்.

கதை தெரியாதவர்களுக்கு நாலு வரி. டாக்டர் என்பவர் வேற்றுக் கிரகத்துக்காரர். அவரிடம் டார்டிஸ் என்று ஒரு கால இயந்திரம். வெளியே பார்த்தால் பழைய லண்டன் தெருக்களில் நின்ற நீல நிறப் போலீஸ் பெட்டி, உள்ளே போனால் அரண்மனை மாதிரி இடம். எந்தக் காலத்துக்கும் எந்த ஊருக்கும் போகலாம். கூடவே ஒன்றிரண்டு பேரைத் துணைக்கு அழைத்துப் போவார். அவருக்குச் சாவு நெருங்கினால் உடம்பு மாறிப் புது ஆளாகிவிடுவார், அதாவது புது நடிகர் வந்துவிடுவார். ஆக, டாக்டரும் மாறுவார், துணைக்கு வருபவர்களும் மாறுவார்கள். கிளம்பிப் போவதுதான் இந்தத் தொடரின் அஸ்திவாரம் என்றே சொல்லலாம்.

முதல் பகுதி 1963 நவம்பர் 23, சனிக்கிழமை ஒளிபரப்பானது. அதற்கு முந்தின நாள்தான் அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். உலகமே அந்தச் செய்தியில் இருந்தது. அதனால் அடுத்த சனிக்கிழமை முதல் பகுதியை இன்னொரு முறை போட்டுவிட்டு, அதன் பிறகுதான் இரண்டாம் பகுதியைக் காட்டினார்கள். தொடருக்கு வித்திட்டவர் பி.பி.சி.யின் நாடகப் பிரிவுத் தலைவர் சிட்னி நியூமன், கனடாக்காரர். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட் என்ற 27 வயதுப் பெண். முதல் கதையை இயக்கியவர் 24 வயது வாரிஸ் ஹுசைன்.

வாரிஸ் ஹுசைன் எங்கே பிறந்தவர் தெரியுமா? நான் இப்போது உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும் இதே லக்னோவில், 1938-இல். அவருடைய அம்மா அத்தியா ஹுசைன், எழுத்தாளர். இந்த ஊரின் தாலுக்தார் குடும்பம். 1961-இல் வெளிவந்த "சன்லைட் ஆன் எ ப்ரோக்கன் காலம்" நாவலில் லக்னோவின் அந்தப் பழைய வாழ்க்கையையும், தேசப் பிரிவினை அதைச் சிதறடித்ததையும் எழுதியிருக்கிறார். வாரிஸ் சின்னப் பையனாக இருக்கும்போதே குடும்பம் லண்டனுக்குப் போய்விட்டது. பிரிவினை வந்தபோது அவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். ஊரை விட்டுப் போன ஒரு பையன் வளர்ந்து, ஊரில்லாமல் அலையும் ஒரு கிழவனின் கதையை முதன்முதலில் படம் பிடித்திருக்கிறான். இதைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை.

சரி, முதல் பிரிவுக்கு வருகிறேன்.

அந்த முதல் டாக்டராக நடித்தவர் வில்லியம் ஹார்ட்னெல். அவர்கூட இருந்தவர்கள் மூன்று பேர். பேத்தி சூசன், அவளுடைய பள்ளி ஆசிரியர்கள் இயான், பார்பரா. சூசனாக நடித்தவர் கரோல் ஆன் ஃபோர்ட். கதாபாத்திரம் வளரவே இல்லை, பயந்து கத்துவதுதான் வேலையாக இருக்கிறது என்ற குறை அவருக்கு. ஒரு வருஷம் முடிந்ததும் விலகினார். அவரை அனுப்ப ஒரு கதை வேண்டும். 1964 டிசம்பர் 26 அன்று அது நடந்தது.

கதை 22-ஆம் நூற்றாண்டில் இடிந்து கிடக்கும் லண்டனில் நடக்கிறது. டேலக் என்ற இயந்திர எதிரிகளை விரட்டியாகிவிட்டது. டேவிட் என்ற இளைஞனுக்கு சூசனைப் பிடித்திருக்கிறது, அவளுக்கும் அவனைப் பிடித்திருக்கிறது. ஆனால் தாத்தாவை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று அவள் தயங்குகிறாள். தாத்தா இதைக் கவனிக்கிறார். அவள் ஷூவில் ஓட்டை, சரி செய்து தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு டார்டிஸுக்குள் போகிறார். போனவர் கதவை உள்ளே பூட்டிவிடுகிறார். நீ இங்கேயே இரு, உனக்கென்று ஒரு வாழ்க்கை வேண்டும், ஒரு நாள் திரும்பி வருவேன் என்று உள்ளேயிருந்து பேசிவிட்டு, பெட்டியோடு மறைந்துவிடுகிறார். அவள் ஒற்றைக் காலில் ஷூவோடு வெளியே நிற்கிறாள்.

அருமையான காட்சி. ஹார்ட்னெல் பேசும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் பார்த்தால் என் பெண் கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, இவரும் உங்கள மாதிரிதான்."

"ஏன்மா?"

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா?"

எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் நாக்பூரில் இருந்தோம். லக்னோவுக்கு மாற்றல் ஆர்டர் வந்தபோது அவளுக்குப் பரீட்சை. சொன்னால் மனசு கலைந்துவிடும், பரீட்சை முடியட்டும் என்று மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. பரீட்சை முடிந்து தீபாவளி லீவும் விட்டபிறகு, பேக்கர்ஸ் ஆள் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் சொன்னேன். அவளுடைய உயிர்த் தோழி அதற்குள் பாட்டி வீட்டுக்குக் கிராமத்துக்குப் போய்விட்டாள். ஆறு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். "ஃபோன் இருக்கே, பேசிக்கலாமே" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு அழவும் இல்லை. சமாளித்துவிட்டாள் என்று நானும் மார்தட்டிக்கொண்டேன். இரண்டு வருஷம் கழித்து, 1964-ஆம் வருஷத்துக் கறுப்பு வெள்ளைப் படத்தின் முன்னால் பதில் வருகிறது.

அதற்குப் பிறகு இந்தப் பிரிவுகளை எல்லாம் வரிசையாகப் பார்க்க ஆரம்பித்தேன். பேலன்ஸ் ஷீட் பார்க்கிற புத்தி, எதையும் இரண்டு பத்தியாகப் பிரிக்கத்தானே சொல்லும்? ரசிகர்கள் மன்னித்த பிரிவுகள் ஒரு பக்கம், மன்னிக்காதவை ஒரு பக்கம்.

முதலில் மன்னித்தவை. இயானும் பார்பராவும் 1965 ஜூன் 26 அன்று விலகினார்கள். டேலக்குகளின் கால இயந்திரம் ஒன்று அவர்கள் கையில் கிடைக்கிறது. இதில் ஏறினால் எங்கள் ஊருக்கே போய்விடலாம் என்கிறார்கள். டாக்டர் முதலில் கோபத்தில் குதிக்கிறார், பிறகு மனசில்லாமல் வழி செய்து கொடுக்கிறார். இரண்டு வருஷம் தள்ளி 1965-ஆம் வருஷத்து லண்டனில் போய் இறங்குகிறார்கள். அவர்கள் சிரித்துக்கொண்டே லண்டனைச் சுற்றும் புகைப்படங்கள் வரிசையாக வருகின்றன. ஊர் திரும்பிய சந்தோஷம் என்றால் அதுதான். நம்மைப் போன்ற வெளியூர்வாசிகளுக்கு அந்தக் காட்சியின் அருமை தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

1973-இல் ஜோ கிராண்ட் விலகியது இன்னொன்று. வேல்ஸ் நாட்டில் ஒரு விஞ்ஞானியைக் காதலித்துக் கல்யாணம் நிச்சயமாகிறது. எல்லோரும் கொண்டாடிக்கொண்டிருக்கும்போது, டாக்டராக நடித்த ஜான் பெர்ட்வீ சத்தமில்லாமல் வெளியே வந்து, தன் பழைய காரில் தனியாக ஓட்டிக்கொண்டு போகிறார். 1976-இல் சாரா ஜேன். நடித்தவர் எலிசபெத் ஸ்லேடன். என்னைச் சாகடிக்கவும் வேண்டாம், யாருக்காவது கல்யாணம் செய்து கொடுத்து அனுப்பவும் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டாராம். அவரும் டாக்டராக நடித்த டாம் பேக்கரும் கடைசிக் காட்சியின் வசனத்தைத் தாங்களே பேசிப் பேசிச் சரி செய்தார்கள். டாக்டருக்குச் சொந்தக் கிரகத்திலிருந்து அழைப்பு, அங்கே அவளை அழைத்துப் போக முடியாது. அதை அவளிடம் முகத்துக்கு நேரே சொல்கிறார்.

சாவையும் ரசிகர்கள் ஏற்றுக்கொண்டார்கள். 1982 மார்ச்சில் ஏட்ரிக் என்ற பையன் விண்கலத்தோடு அழிந்தான். அந்த வேடத்தில் நடித்த மாத்யூ வாட்டர்ஹவுஸ் தானே இந்தத் தொடரின் ரசிகராக இருந்தவர். ஆனால் ரசிகர்களில் பலருக்கு ஏட்ரிக்கைப் பிடிக்காது. அப்படியிருந்தும் அந்தப் பகுதியின் முடிவில் வழக்கமான இசை இல்லாமல், உடைந்த அவன் பேட்ஜின் மேல் பெயர்கள் மௌனமாக ஓடினவே, அதை யாரும் மறக்கவில்லை. பிடிக்காத பையனுக்கும் ஒரு நிமிஷ மௌனம் என்ற மரியாதை கிடைத்தது.

இப்போது மறுபக்கம்.

1966-இல் டோடோ என்ற பெண். கதையின் நடுவில் உடம்பு சரியில்லை, ஓய்வு வேண்டும் என்று கிராமத்துக்கு அனுப்பிவைக்கப்படுகிறாள். அதோடு ஆள் காணவில்லை. கடைசியில் வேறு இரண்டு பேர் வந்து, அவள் லண்டனிலேயே இருந்துகொள்கிறாளாம் என்று டாக்டரிடம் தகவல் சொல்கிறார்கள். அவ்வளவுதான், டோடோ கணக்கு முடிந்தது. 1970-இல் டாக்டரோடு வேலை பார்த்த விஞ்ஞானி லிஸ் ஷாவுக்கு அதுவும் இல்லை. அடுத்த வருஷத் தொடர் ஆரம்பிக்கும்போது அவர் கேம்பிரிட்ஜ் திரும்பிவிட்டார் என்று ஒரு வரி வருகிறது. 1978-இல் லீலா என்ற வீராங்கனை, கடைசி நிமிஷத்தில் ஒரு காவல் அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டு இங்கேயே இருக்கிறேன் என்கிறாள். அதுவரை இரண்டு பேரும் காதலர்கள் என்று நமக்கு யாரும் சொல்லவில்லை!

இதெல்லாம் அவசரத்தில் நடந்தவை. இதைவிட மோசம், 1969-இல் நடந்தது. ஜேமி, ஜோயி இரண்டு பேரையும் டாக்டரின் இனத்தவர்கள் அவரவர் காலத்துக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். அனுப்பும்போது டாக்டரோடு சுற்றிய நினைவில் முதல் நாள் அனுபவத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அழித்துவிடுகிறார்கள். இத்தனை வருஷம் கழித்தும் ரசிகர்கள் இதை ஆறாமல் பேசுகிறார்கள்.

நடிகர்களுக்கும் இது நடந்தது. 1986-இல் டாக்டராக இருந்த காலின் பேக்கரை பி.பி.சி. நீக்கியது. உடல் மாறும் காட்சிக்காக ஒரு கதை மட்டும் வந்து நடித்துவிட்டுப் போங்கள் என்று கேட்டபோது அவர் மறுத்துவிட்டார். 1987-இல் அவருக்கு அடுத்து வந்த சில்வெஸ்டர் மெக்காயே சுருட்டை முடி விக் வைத்துக்கொண்டு தரையில் கிடந்து, பழைய டாக்டராகவும் நடித்து, புது டாக்டராகவும் எழுந்தார். ரிலீவ் ஆகிப் போன அதிகாரிக்குப் பதிலாக வந்தவரே இரண்டு பேர் கையெழுத்தையும் போட்டு சார்ஜ் எடுத்துக்கொண்ட கதை. எங்கள் வங்கியில் செய்தால் மெமோ நிச்சயம்.

இரண்டு பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. ரசிகர்கள் சாவை மன்னிக்கிறார்கள், கல்யாணத்தை மன்னிக்கிறார்கள், ஊர் திரும்புவதை மன்னிக்கிறார்கள். போகிறவரைக் கேட்காமல், போகிறவரிடம் சொல்லாமல் அனுப்பியதைத்தான் மன்னிக்கவில்லை. உன் நல்லதுக்குத்தான் என்று செய்திருந்தாலும் மன்னிக்கவில்லை. அதிலும் டாக்டரிடம் இருப்பது கால இயந்திரம். நமக்காவது லீவு கிடைக்கவில்லை, டிக்கெட் கிடைக்கவில்லை என்று சாக்கு உண்டு. அவர் எந்த நாளுக்கு வேண்டுமானாலும் திரும்பிப் போகலாமே! போகவில்லை என்றால் மனசு வரவில்லை என்றுதான் அர்த்தம்.

ரசிகர்கள் வெறுமனே குறை சொல்லிக்கொண்டிருக்கவில்லை என்பதுதான் இந்தச் சரித்திரத்தில் எனக்குப் பிடித்த பகுதி.

1960-களிலும் 70-களிலும் பி.பி.சி. பழைய நாடாக்களை அழித்துவிட்டது. ஹார்ட்னெல், அவருக்குப் பின் வந்த பேட்ரிக் ட்ரௌட்டன் காலத்துப் பகுதிகளில் 90-க்கும் மேல் இன்றும் படமாக இல்லை. பல பிரிவுக் காட்சிகளும் அதில் போயின. 1966-இல் ஸ்டீவன் விலகிய கதையும், 1968-இல் விக்டோரியா விலகிய கதையும் முழுவதும் காணவில்லை. ஆனால் ஒலி இருக்கிறது. எப்படி? அந்தக் காலத்தில் ரசிகப் பையன்கள் சிலர் டிவி முன்னால் டேப் ரிக்கார்டரை வைத்து வீட்டில் பதிவு செய்திருக்கிறார்கள். காணாமல் போன அத்தனை பகுதிகளின் ஒலியும் இன்று நமக்குக் கிடைப்பது அவர்கள் புண்ணியத்தில்தான். பி.பி.சி. தூக்கிப் போட்டதைப் பள்ளிக்கூடப் பையன்கள் காப்பாற்றியிருக்கிறார்கள்.

1976-இல் ரசிகர் சங்கம் ஆரம்பித்தது. 1979-இல் தொடருக்கென்றே வாரப் பத்திரிகை வந்தது. 1989 டிசம்பரில் தொடரே நின்றபோதும் பேச்சு நிற்கவில்லை. ரசிகர்களாக இருந்தவர்களே பிக் ஃபினிஷ் என்ற நிறுவனத்தின் மூலம் 1999 முதல் பழைய நடிகர்களை வைத்து ஒலி நாடகங்கள் தயாரிக்க ஆரம்பித்தார்கள். 1986-இல் மரியாதையில்லாமல் அனுப்பப்பட்ட காலின் பேக்கருக்கு, 2015-இல் அவர்களுடைய ஒலி நாடகத்தில்தான் முறையான கடைசிக் கதை கிடைத்தது. 29 வருஷம் கழித்து! 

2005-இல் தொடர் திரும்பி வந்தபோது அதை நடத்தியவர் ரஸ்ஸல் டி. டேவிஸ். சின்ன வயதிலிருந்து ரசிகர். அடுத்த வருஷமே சாரா ஜேனைத் திரும்பக் கொண்டுவந்தார். முப்பது வருஷம் கழித்து அவள் டாக்டரைப் பார்த்துக் கேட்கும் கேள்வி, ரசிகர்கள் கேட்டுக்கொண்டிருந்த அதே கேள்வி. ஏன் என்னைத் தேடி வரவே இல்லை? அன்று அவளை இறக்கிவிட்டது அவள் ஊரான கிராய்டனில் அல்ல, ஸ்காட்லாந்தின் அபர்டீனில் என்பதும் அப்போதுதான் தெரிகிறது. இந்த முறை கடைசியில் இரண்டு பேரும் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு பிரிகிறார்கள். அதற்குப் பிறகு எலிசபெத் ஸ்லேடன் சாரா ஜேன் பெயரிலேயே வந்த தனித் தொடரில் நடித்தார். 2011 ஏப்ரலில் காலமானார்.

ஆனால் அதே டேவிஸ் 2008-இல் ஒரு காரியம் செய்தார். டோனா என்ற பெண்ணின் மூளையில் டாக்டரின் அறிவு முழுவதும் ஏறிவிடுகிறது. அது அவளைக் கொன்றுவிடும். அவள் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சக் கெஞ்ச, டாக்டர் அவள் நினைவை அழித்து வீட்டில் கொண்டுபோய் விடுகிறார். உயிரைக் காப்பாற்றத்தான் செய்தார். இருந்தும் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள், அவளுடைய நினைவை அழிக்க இவர் யார் என்று.

அதற்கு ஒரு பதில் 2015-இல் வந்தது. அப்போது தொடரை எழுதியவர் ஸ்டீவன் மோஃபட், இவரும் பழைய ரசிகர். இந்த முறை க்ளாரா என்ற பெண். அவளைக் காப்பாற்ற அவள் நினைவை அழிக்க வேண்டும் என்று டாக்டர் மறுபடியும் அதே வேலையை ஆரம்பிக்கிறார். க்ளாரா ஒத்துக்கொள்ளவில்லை. என் பழைய நாட்கள் என்னுடையவை, அதை எடுக்க உனக்கு உரிமையில்லை என்கிறாள். கடைசியில் நினைவை இழப்பது டாக்டர்தான். 2023-இல் டேவிஸே திரும்பி வந்து, டோனாவுக்கு அவள் நினைவுகளை உயிரோடு திருப்பிக் கொடுத்தார். எடுத்தவரே 15 வருஷம் கழித்து வட்டியோடு கட்டினார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்லவேண்டும். 1986-இல் பி.பி.சி.யின் ஒரு நிகழ்ச்சியில் ரசிகர் சங்கப் பையன்கள் சிலர் வந்து, தொடரை எழுதியவர்களை நேரில் வைத்துக்கொண்டே கதை சரியில்லை என்று விளாசினார்கள். அதில் 16 வயது கிரிஸ் சிப்னலும் ஒருவர். வளர்ந்து அவரே தொடரின் தலைமை எழுத்தாளரானார். 2022 அக்டோபர் 23 அன்று வந்த அவருடைய கடைசிக் கதையின் முடிவில் ஒரு காட்சி. டாக்டரோடு பயணம் போய்ப் பிரிந்தவர்கள் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் ஆறுதலாகப் பேசிக்கொள்கிறார்கள். 1973-இல் போன ஜோ இருக்கிறாள், 1984-இல் மனசு வெறுத்துப் போன டீகன் இருக்கிறாள். அந்த வட்டத்தில் ஒரு முதியவர். இயான்! வில்லியம் ரஸ்ஸலேதான், 97 வயதில். 1965-க்குப் பிறகு 57 வருஷம் கழித்து அதே வேடத்தில். டாக்டர் இப்போது ஒரு பெண் என்று கேள்விப்பட்டு அவர் காட்டும் அந்த ஒரு விநாடி ஆச்சரியத்துக்காகவே பார்க்கலாம். 2024 ஜூனில் தன் 99-ஆவது வயதில் அவர் காலமானார்.

எல்லாக் கணக்கும் நேராகிவிட்டதா என்றால், இல்லை. எங்கள் வங்கியில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று ஒன்று உண்டு. எந்தத் தலைப்பில் போடுவது என்று தெரியாத தொகையை அதில் நிறுத்தி வைப்போம். அதைச் சீக்கிரம் நேர் செய்யாவிட்டால் ஆடிட்டர் வந்து உயிரை எடுப்பார். டாக்டரின் சஸ்பென்ஸ் அக்கவுண்டில் 1964 டிசம்பரிலிருந்து கிடக்கும் ஒரு பதிவு சூசன். 1983-இல் இருபதாவது ஆண்டு விழாக் கதையில் தாத்தாவும் பேத்தியும் சேர்ந்தார்கள், ஆனால் ஹார்ட்னெல் அப்போது உயிரோடு இல்லை, அவர் வேடத்தில் வேறு நடிகர். ஏன் என்னைக் கேட்காமல் பூட்டினீர்கள் என்று அவள் கேட்க அங்கே இடமே தரவில்லை. 2025 மே மாதம் கரோல் ஆன் ஃபோர்ட் தன் 84-ஆவது வயதில் சூசனாகத் திரும்பவும் தோன்றினார். டாக்டரின் மனக்கண்ணில், சில விநாடிகள்தான். எங்கள் வீட்டில் பெரிய ஆரவாரம். ஆனால் அந்தப் பேச்சுவார்த்தை அன்றைக்கும் நடக்கவில்லை.

டாக்டர் கணக்கை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். என் கணக்கு ஒன்று பாக்கி இருந்ததே.

போன மே மாதம் மன்னார்குடிக்குக் கிளம்பினோம். லக்னோவிலிருந்து சென்னை போகும் ரயில் நாக்பூர் வழியாகப் போகும் என்பது எனக்குத் தெரியாத விஷயமா என்ன? அதற்கு முந்தின தடவையும் அதே வழியாகத்தான் போனோம். அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. இந்த முறை தோழியின் அப்பாவுக்கு நானே ஃபோன் செய்து, வண்டி நம்பர், கோச் நம்பர் எல்லாம் சொன்னேன். பிறகு என் பெண்ணிடம் சொன்னேன், கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பே.

அந்தப் பெண் அப்பாவோடு பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு ஜாண் வளர்ந்திருந்தாள். இரண்டு வருஷப் பேச்சையும் கொட்டித் தீர்ப்பார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். அவர்கள் என்னவோ கையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார்கள். நடுநடுவே சிரித்தார்கள். நானும் தோழியின் அப்பாவும் டீ வாங்கிக்கொண்டு நாலு பெட்டி தள்ளிப் போய் நின்று, வெயிலைப் பற்றியும் இ.எம்.ஐ. பற்றியும் பேசினோம். சிக்னல் விழுந்தது. வண்டி நகர ஆரம்பித்ததும் என் பெண் வாசலில் நின்று கையை ஆட்டி, அந்த மராத்திப் பெண்ணைப் பார்த்து வாய் தவறித் தமிழில் கத்தினாள்: "போயிட்டு வரேண்டி!"

அதற்குப் பிறகு அவள் மேல் பெர்த்தில் ஏறிப் படுத்துக்கொண்டாள். அழுதாள் என்று நினைக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அழ வேண்டியதை நான்தானே தள்ளிப்போட்டேன். பல்ஹார்ஷா தாண்டியபிறகு இறங்கி வந்து, பசிக்கிறது என்றாள். புளியோதரை டப்பாவைத் திறந்தோம்.

அடுத்த மாற்றல் ஆர்டர் எப்போது வேண்டுமானாலும் வரலாம். வந்த அன்று சாயங்காலமே வீட்டில் சொல்லிவிடுவது என்று எங்களுக்குள் ஒப்பந்தம். பரீட்சையாக இருந்தாலும் சரி.

உங்களில் பலரும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்பவர்கள்தான். பிள்ளைகளிடம் எப்போது சொல்கிறீர்கள்? சொல்லாமல் கூட்டிக்கொண்டு வந்த ஊர் ஏதாவது உண்டா? இருந்தால், அந்த வழியாகப் போகும் ரயிலில் ஒரு டிக்கெட் போட்டுப் பாருங்கள்.